டிராக்டர் முன் லோடர்: பக்கெட்டைப் பார்ப்பதற்கு முன் பின்சக்கரத்தைப் பாருங்கள்

செங்கல் சூளைக்கு மண் அள்ள, தொழுவத்து எருவை ஏற்ற, தென்னை நார்க் கழிவைக் குவிக்க என்று 45, 50 எச்பி டிராக்டரின் முன்னால் லோடர் மாட்டி ஓட்டுவது இன்று பல ஊர்களில் சாதாரணம். ஜேசிபிக்கு மணிக்கணக்கில் வாடகை கொடுப்பது மிச்சம். வேலை முடிந்ததும் லோடரைக் கழற்றிவிட்டு அதே வண்டியில் உழவுக்கும் போகலாம். ஆனால் டிராக்டர் இழுக்கச் செய்த வண்டி. பாரம் பின்சக்கரத்தில் அழுந்தும் என்று கணக்குப் போட்டுத்தான் அதன் பிரேக், பிடிமானம், முன் அச்சின் கனம் எல்லாவற்றையும் வைத்திருக்கிறார்கள். லோடர் அந்தக் கணக்கைப் புரட்டிப் போடுகிறது. லோடர் வண்டி கவிழ்வதும், பிரேக் பிடிக்காமல் ஓடுவதும், முன் அச்சு முறிவதும் பெரும்பாலும் இந்த ஒரு இடத்தில்தான் தொடங்குகின்றன.

எடை எங்கே போகிறது

முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே சுமார் 2 மீட்டர் இருக்கிறது என்று வையுங்கள். பக்கெட்டில் உள்ள மண்ணின் நடுப்பகுதி முன் அச்சுக்கு 1.5 மீட்டர் முன்னால் தொங்குகிறது. 500 கிலோ அள்ளினால் 500 × 1.5 ÷ 2, அதாவது 375 கிலோ பின்சக்கரத்திலிருந்து குறைகிறது. முன் அச்சில் 500 அல்ல, 875 கிலோ கூடுகிறது. கிணற்று ஏற்றம் மாதிரிதான்: ஒரு முனை தாழ்ந்தால் மறுமுனை எழும். லோடரின் சொந்த எடை இதில் சேரவில்லை. வெறும் பக்கெட்டோடு நிற்கும்போதே அது முன்பக்கம் அழுத்திக்கொண்டுதான் இருக்கும்.

நம் பக்கம் ஓடும் டூ வீல் டிரைவ் டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரங்களில் மட்டும்தான். பின்பக்கம் லேசானால் பிரேக் மிதித்ததும் சக்கரம் நின்றுவிடும், வண்டி நிற்காது. லாக் ஆன சக்கரத்தோடு வழுக்கிக்கொண்டே போகும். "பிரேக் போய்விட்டது" என்று மெக்கானிக்கிடம் கொண்டு போகிற லோடர் வண்டிகளில் முதலில் சோதிக்க வேண்டியது பிரேக் லைனிங்கை அல்ல, பின்னால் எடை தொங்குகிறதா என்பதை.

அந்த எடையை இரண்டு விதமாகத் தரலாம். இரண்டும் ஒன்றல்ல என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பின் டயரில் தண்ணீர் ஏற்றுவதும் சக்கரத்தில் இரும்பு வெயிட் மாட்டுவதும் பிடிமானத்தைத் திருப்பித் தரும், பின்பக்கம் தூக்குவதைத் தடுக்கும். ஆனால் முன் அச்சில் ஏறிய பாரத்தை ஒரு கிலோகூடக் குறைக்காது, ஏனென்றால் அந்த எடை நேராகப் பின் அச்சின் மேலேயே உட்காருகிறது. முன் அச்சின் சுமை குறைய வேண்டுமானால் எடை பின் அச்சுக்கும் பின்னால் தொங்க வேண்டும்.

இதற்கு மலிவான வழி 200 லிட்டர் டிரம் ஒன்றில் கான்கிரீட் நிரப்புவது. நிறைந்தால் ஏறத்தாழ 480 கிலோ வரும். குறுக்கே ஒரு இரும்புத் தண்டு ஓட்டி, மேல் லிங்குக்கும் ஒரு காது வைத்து வார்த்துவிட்டால் பின் லிஃப்டில் மாட்டிக்கொள்ளலாம். பின் அச்சுக்கு 1 மீட்டர் பின்னால் அது தொங்கினால் முன் அச்சிலிருந்து 240 கிலோ இறங்கும், பின் அச்சில் 720 கிலோ ஏறும். தரையிலிருந்து 20, 30 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்து, பக்கச் சங்கிலிகளை இறுக்கிவிடுங்கள். தளர்வாக இருந்தால் டிரம் ஆடி வண்டியையே ஆட்டும். 6 அடி ரோட்டவேட்டர் இருந்தால் அதுவும் நல்ல எதிர்எடைதான். பிடிஓ (ரோட்டவேட்டரைச் சுழற்றும் தண்டு) ஆஃப் ஆகியிருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. ஒன்பது கொழுக் கலப்பை போதாது. எதை மாட்டினாலும் திரும்பும்போது பின்பக்கம் வீசும் வட்டம் பெரிதாகும். சுவர் ஓரமும் ஆள் நிற்கும் இடமும் கவனம்.

டயரில் தண்ணீர் ஏற்றுவதானால் வால்வு உச்சியில் இருக்கும்படி சக்கரத்தை நிறுத்தி, வால்வு மட்டம் வரை நிரப்புங்கள். அது முக்கால் பங்கு. மீதிக் காற்றுதான் அதிர்ச்சியைத் தாங்கும். முன் டயரில் தண்ணீர் வேண்டாம். பம்பரில் மாட்டிய முன் வெயிட்டுகளையும் கழற்றிவிடுங்கள். உழவுக்கு முன்பக்கம் தூக்காமல் இருக்கப் போட்டது அது, லோடர் வந்தபின் வீண் சுமை.

லோடர் வாங்கும்போது சட்டத்தைப் பாருங்கள்

பட்டறையில் அடித்துக் கொடுக்கும் லோடர்களில் விலை குறைவு, பலமும் இருக்கும். பார்க்க வேண்டியது பக்கெட் தகட்டின் தடிமனை அல்ல, சட்டம் எங்கே முடிகிறது என்பதை. இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே கிளட்ச் ஹவுசிங் இருக்கிறது. டிராக்டருக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. இந்த வார்ப்பிரும்புக் கூடுகளே முதுகெலும்பு. லோடரை இன்ஜின் பக்கத்தில் மட்டும் போல்ட் செய்து நிறுத்தினால் ஒவ்வொரு முட்டலும் அந்த ஹவுசிங்கை வளைக்கப் பார்க்கும். ஒருநாள் வெடிப்பு விடும். இரண்டு பக்கமும் பின் அச்சு ஹவுசிங் வரை ஓடும் சட்டமோ தண்டோ கட்டாயம் இருக்க வேண்டும். புதிதாக மாட்டியபின் முதல் 8, 10 மணி நேர ஓட்டம் முடிந்ததும் எல்லா போல்ட்டையும் ஒருமுறை இறுக்குங்கள். பெயின்ட் நசுங்கிப் போல்ட் தளர்வது அப்போதுதான்.

காலையில் சாவி போடுவதற்கு முன்

பூம் (பக்கெட்டைத் தூக்கும் கை) முழுக்க இறங்கி, பக்கெட் தரையில் இருக்கும்போதுதான் ஹைட்ராலிக் ஆயில் மட்டம் பார்க்க வேண்டும். தூக்கி நிறுத்திவிட்டுப் பார்த்தால் சிலிண்டருக்குள் இருக்கும் ஆயில் கணக்கில் வராமல் குறைவாகக் காட்டும். நீங்கள் ஊற்றுவீர்கள், இறக்கியதும் வழியும்.

லோடர் மூட்டுகளில் உள்ள எல்லாப் பின்களுக்கும் (மூட்டு ஊசிகள்) தினமும் கிரீஸ் அடியுங்கள். கூடவே முன் அச்சு சென்டர் பின், கிங் பின், ஹப். லோடர் வேலையில் இவைதான் முதலில் தேயும். முன் டயர் காற்று டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட உச்ச அளவுக்குக் கிட்டத்தில் இருக்கட்டும், தாண்ட வேண்டாம். உழவுக்கு வைத்த காற்றோடு லோடர் ஓட்டினால் டயர் நசுங்கி ரிம் அடிபடும்.

இடது வலது பிரேக் பெடல்கள் கொக்கியால் இணைந்திருக்கின்றனவா பாருங்கள். உழவில் ஒற்றைப் பிரேக்கால் திருப்பிப் பழகியவர்கள் கொக்கியைப் போட மறப்பார்கள். பாரத்தோடு போகும்போது ஒரு சக்கரம் மட்டும் பிடித்தால் வண்டி அந்தப் பக்கம் சுழலும்.

ஹோஸில் ஈரம் தெரிந்தால் கையால் தடவிப் பார்க்காதீர்கள். ஹைட்ராலிக் ஆயில் 150 பாருக்கு மேல் அழுத்தத்தில் இருக்கும். ஊசித் துளை வழியாக வரும் பீய்ச்சல் கண்ணுக்குத் தெரியாது, தோலைத் துளைத்து உள்ளே போகும். முதலில் எறும்பு கடித்த மாதிரிதான் இருக்கும். சில மணி நேரத்தில் சதை அழுகத் தொடங்கும். அட்டைத் துண்டு ஒன்றைக் குச்சியில் செருகி ஹோஸ் ஓரமாக நகர்த்துங்கள், கசிவு அட்டையில் காட்டிக்கொடுக்கும். தோலில் ஏறிவிட்டால் வலி இல்லாவிட்டாலும் உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய், "ஹைட்ராலிக் ஆயில் அழுத்தத்தோடு உள்ளே போயிருக்கிறது" என்று தெளிவாகச் சொல்ல வேண்டும்.

லிவர்

ஒற்றை லிவர் லோடரில் வழக்கமான அமைப்பு: பின்னால் இழுத்தால் பூம் ஏறும், முன்னால் தள்ளினால் இறங்கும், இடப்பக்கம் பக்கெட்டை மடக்கும், வலப்பக்கம் கொட்டும். முன்னால் கடைசிவரை தள்ளினால் ஃப்ளோட் உள்ள வால்வுகளில் அது மாட்டி நிற்கும். ஃப்ளோட்டில் பக்கெட் தன் எடையில் மேடு பள்ளத்தோடு தவழும். மட்டம் தட்ட அருமையானது. பூம் மேலே இருக்கும்போது கை தவறி அங்கே போனால் மொத்தமும் தடதடவென்று விழும். பட்டறை லோடர்களில் இரட்டை லிவர் இருக்கும், எது எதற்கென்று வண்டிக்கு வண்டி மாறும். பழக்கமில்லாத வண்டியில் ஏறினால் வெறும் பக்கெட்டோடு நான்கு அசைவையும் செய்து பார்க்காமல் குவியல் பக்கம் போகக் கூடாது.

ஆர்பிஎம் (இன்ஜின் சுற்று வேகம்) கூட்டினால் பக்கெட் வேகமாக ஏறும், ஆனால் பலம் கூடாது. பம்ப் தரும் ஆயில் அளவைத்தான் இன்ஜின் வேகம் தீர்மானிக்கிறது. எவ்வளவு தூக்கும் என்பதை, அழுத்தம் எல்லை தாண்டாமல் காக்கும் ரிலீஃப் வால்வு தீர்மானிக்கிறது. 1500 முதல் 1700 வரை போதும். தூக்க முடியாமல் வால்வு சீறினால் லிவரை விட்டுவிடுங்கள். பிடித்துக்கொண்டே இருந்தால் ஆயில் சூடேறி சீல்களைக் கெடுக்கும். அந்த வால்வுக்கு வாஷர் வைத்து இறுக்கி "இன்னும் தூக்கும்படி" செய்துதரும் ஆட்கள் உண்டு. கூடுதலாகத் தூக்கும்தான், அடுத்து ஹோஸோ பூமோ முன் அச்சோ போகும். எது முதலில் என்பது அதிர்ஷ்டம்.

அள்ளுவது

லோடர் ஜேசிபி அல்ல. குவிந்து கிடப்பதை அள்ளத்தான் அது. இறுகிய தரையைத் தோண்ட அல்ல. தரை மண் வேண்டுமென்றால் முதலில் கலப்பை ஓட்டிப் பிளந்துவிட்டு அள்ளுங்கள். டீசலும் மிச்சம், பக்கெட் பல்லும் மிச்சம்.

குவியலை நேராக அணுகுங்கள். முன்சக்கரங்கள் நேராக, பக்கெட் அடித்தகடு தரைக்கு மட்டமாக, லோ ரேஞ்சில் முதல் கியர். ஓட்டத்தில் வந்து மோத வேண்டாம், தொட்டபின் தள்ளுங்கள். பக்கெட் பாதிக்கு மேல் உள்ளே போனதும், வண்டி முன்னேறிக்கொண்டிருக்கும்போதே மெல்ல மடக்கத் தொடங்குங்கள். தள்ளலும் மடக்கலும் சேர்ந்து நடந்தால் பக்கெட் தானாக நிறையும். முழுக்கத் தள்ளி நின்றுவிட்டு அப்புறம் மடக்கினால் மொத்தக் குவியலின் எடையோடு சிலிண்டர் மல்லுக்கட்டும், பின்சக்கரம் சுழன்று பள்ளம் பறிக்கும். சக்கரம் சுழன்றால் ஆக்ஸிலேட்டரைக் கூட்டாமல் பக்கெட்டை ஒரு சாண் தூக்குங்கள். குவியலின் எடை கொஞ்சம் பக்கெட் வழியே வண்டிக்கு வந்து எதிர்ப்பு குறையும். முழுக்க மடக்கி, இரண்டு முறை மெல்லக் குலுக்கி உதிர வேண்டியதை அங்கேயே உதிர்த்துவிட்டுப் பின்னால் வாருங்கள்.

ஒரே மூலையால் குத்துவது கெட்ட பழக்கம். சீமைக் கருவேலத் தூரை நெம்ப எல்லோரும் பக்கெட் மூலையைத்தான் கொடுக்கிறார்கள். பலம் முழுவதும் ஒரு பூமில் விழுந்து இரண்டு பூமும் முறுக்கிக்கொள்ளும். பிறகு மட்டமான தரையில் பக்கெட்டை இறக்கினால் ஒரு பக்கம் தொடும், மறுபக்கம் விரற்கடை தூக்கி நிற்கும். அதை நிமிர்த்துவது சுலபமல்ல.

பக்கெட் நிறைந்ததா என்பதைவிட எதனால் நிறைந்தது என்பது முக்கியம். 0.3 கன மீட்டர் பக்கெட்டில் காய்ந்த நார்க் கழிவு 50 கிலோகூட வராது; மழையில் ஊறினால் பல மடங்கு. எரு 150 முதல் 250 கிலோ, உதிரி மண் 350 முதல் 400, ஜல்லி 450 பக்கம், ஈர மணல் 550ஐத் தாண்டும். எருவுக்குப் பழகிய கை ஈர மணலுக்கும் தலைதட்ட அள்ளும். அங்கேதான் பின்சக்கரம் கிளம்பும். மணல் என்றால் முக்கால் பக்கெட்டோடு நிறுத்துங்கள்.

எடுத்துப் போவதும் ஏற்றுவதும்

ஓடும்போது பக்கெட் தரையிலிருந்து 30 சென்டிமீட்டர். கண் பார்வைக்கு அது இடைஞ்சல் இல்லை, கவிழும் ஆபத்தும் குறைவு. டிராக்டருக்கு நான்கு சக்கரம் இருந்தாலும் அது உண்மையில் மூன்று காலில் நிற்கிறது: இரண்டு பின்சக்கரம், முன் அச்சின் நடுவே உள்ள சென்டர் பின். முன் அச்சு அந்தப் பின்னில் ஊஞ்சல் மாதிரி ஆடுவதால் பக்கவாட்டில் சாய்வதை முன்சக்கரங்கள் உடனே தடுக்காது. பாரத்தை உயரத் தூக்கிக்கொண்டு ஒரு பக்கச் சக்கரம் வரப்பில் ஏறினால் எடை அந்த முக்கோணத்துக்கு வெளியே போய்விடும். கூரை வைத்த வண்டி என்று தைரியம் வேண்டாம். வெயிலுக்குப் போட்ட கூரை கவிழும்போது காக்காது.

டிரெய்லரை எங்கே நிறுத்துகிறீர்கள் என்பதில்தான் நாளின் வேகம் இருக்கிறது. ஒரு யூனிட் என்பது 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். 0.3 கன மீட்டர் பக்கெட்டால் ஒன்பது, பத்து நடை. நடைக்கு ஒரு நிமிடம் என்றால் பத்து நிமிடத்தில் யூனிட் ஏறும். டிரெய்லரை இருபது மீட்டர் தள்ளி நிறுத்திவிட்டு அதே வேகத்தில் ஏற்ற நினைப்பவர்தான் பக்கெட்டைத் தூக்கியபடி ஓடுவார். குவியலிலிருந்து 6 முதல் 8 மீட்டரில், குவியலுக்குச் சாய்வாக நிறுத்துங்கள். பின்னால் வந்து ஒரு திருப்பு, முன்னால் ஒரு போக்கு, அவ்வளவே. காற்று உங்கள் முதுகுப்பக்கம் இருந்து வீசும்படி பார்த்துக்கொண்டால் தூசி முகத்துக்கு வராது.

டிரெய்லருக்கு ஒன்றரை மீட்டர் இருக்கும்போதுதான் தூக்கத் தொடங்க வேண்டும். பெரும்பாலான லோடர்களில் பூம் ஏற ஏறப் பக்கெட் தானாகப் பின்பக்கம் சாயும். ஏற்றும்போதே லிவரை வலப்பக்கம் சிறிது சிறிதாகத் தட்டி மட்டமாக வைத்திருக்காவிட்டால் கல்லும் கட்டையும் பூம் வழியே உருண்டு ஓட்டுநர் மடியில் விழும். பெரிய பாறாங்கல், மரத்துண்டு, வைக்கோல் கட்டு இவற்றை உச்சிக்குத் தூக்க வெறும் பக்கெட் ஏற்ற கருவியல்ல.

இரண்டு சக்கர டிப்பரைத் தனியாகக் கழற்றி நிறுத்தி ஏற்றுகிறீர்கள் என்றால் பின்னாலிருந்து தொடங்காதீர்கள். கொக்கி முனை வானத்துக்குக் கிளம்பும். அச்சுக்குச் சற்று முன்னால் தொடங்கிப் பரப்புங்கள். முன் தாங்கிக்கு அடியில் பலகை, சக்கரத்துக்குக் கட்டை இரண்டும் வேண்டும். டிரைவர் கேபினுக்குள்ளோ டிரெய்லருக்குள்ளோ ஆள் இருக்கும்போது பக்கெட் மேலே போகக் கூடாது.

கிளட்சைப் பாதி மிதித்து வண்டியை நிறுத்தி வைப்பதும், நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கை முறிப்பதும் லோடர் ஓட்டிகளின் இரண்டு செலவுப் பழக்கங்கள். முதலாவது கிளட்ச் பிளேட்டைத் தின்னும், இரண்டாவது முன்சக்கரங்களைத் திருப்பும் டை ராட் முனைகளை. சக்கரம் கொஞ்சமாவது உருளும்போதே திருப்புங்கள்.

சரிவு, கரை, கம்பி

சரிவில் பாரமுள்ள பக்கெட் எப்போதும் மேட்டைப் பார்க்க வேண்டும். ஏறும்போது முன்னோக்கி, இறங்கும்போது ரிவர்ஸில். பாரத்தோடு முன்னோக்கி இறங்கினால் மிச்சமிருந்த பின் எடையும் முன்னால் போய்விடும், பிரேக் பேருக்குத்தான். கிளட்சை மிதித்து உருள விடவே கூடாது. சரிவுக்குக் குறுக்கே போவதைத் தவிருங்கள்.

பண்ணைக் குட்டை, கிணறு, சூளைப் பள்ளம் ஆகியவற்றின் ஓரத்தில் பள்ளத்தின் ஆழம் எவ்வளவோ அவ்வளவு தள்ளியே முன்சக்கரம் நிற்க வேண்டும். முன் அச்சில் குவியும் பாரம் கரையைச் சரிக்கும். குட்டையை மூடுவதென்றால் ஓரத்தில் கொட்டிவிட்டு அடுத்த நடையின் மண்ணால் முந்தியதைத் தள்ளுங்கள்.

வயலில் தாழ்ந்து தொங்கும் மின்கம்பிகளை வேலை தொடங்கும் முன்பே பார்த்து வையுங்கள். பக்கெட்டின் உச்சி உயரம் ஓட்டுநர் இருக்கையிலிருந்து தெரிவதைவிட அதிகம். கம்பியில் பட்டுவிட்டால் இருக்கையிலேயே இருந்து, முடிந்தால் பக்கெட்டை இறக்கி விலகுங்கள். முடியாவிட்டால் அசையாமல் இருந்து, கிட்டே யாரும் வராமல் கத்தித் தடுங்கள். மின்வாரியம் இணைப்பைத் துண்டித்ததாக உறுதி செய்யும்வரை இறங்க வேண்டாம். வண்டி தீப்பிடித்து இறங்கியே ஆக வேண்டுமென்றால் வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரண்டு காலையும் சேர்த்துக் குதித்து, சேர்த்த காலோடே தத்தி விலக வேண்டும். கால் அகட்டி நடந்தால் தரை வழியே மின்சாரம் ஏறும்.

பக்கெட்டில் ஆள் ஏற்றித் தென்னை மட்டை வெட்டுவது, திருவிழா சீரியல் லைட் கட்டுவது எல்லாம் நடக்கிறது. ஒரு ஹோஸ் வெடித்தால் போதும். செய்யாதீர்கள்.

மட்டம் தட்டும்போது வளையும் தண்டு

பக்கெட்டைக் கவிழ்த்து, ரிவர்ஸில் இழுத்து மட்டம் தட்டுவது எல்லோரும் செய்வது. முழுக்கக் கொட்டிய நிலையில் கொட்டும் சிலிண்டரின் தண்டு முழுவதும் வெளியே நீண்டிருக்கும். அப்போது கல்லோ வேரோ தடுத்தால் நீண்ட தண்டு வளையும். வளைந்த தண்டு அடுத்த அசைவிலேயே சீலைக் கிழிக்கும். அடித்தகடு தரையோடு லேசான சாய்வில் இருக்கும்படி பாதி மட்டும் கவிழ்த்து, ஃப்ளோட்டில் விட்டு இழுங்கள். அழுத்தம் கொடுத்து முன்சக்கரங்களைத் தூக்கியபடி இழுப்பது மட்டமும் ஆகாது, ஸ்டீயரிங்கும் இருக்காது.

பூம் தானாக மெல்ல இறங்கினால் சிலிண்டர் சீலோ வால்வோ கசிகிறது. குலுங்கிக் குலுங்கி ஏறினால் ஆயில் குறைவு அல்லது காற்று. எல்லா சிலிண்டரையும் மெதுவாக ஐந்தாறு முறை முழுக்க நீட்டி மடக்கி, மறுபடி ஆயில் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் மந்தமானால் ஹோஸின் விரைவு இணைப்பு முழுக்க மாட்டவில்லை, அல்லது அதில் மண் புகுந்திருக்கிறது. இணைப்பைக் கழற்றும் முன் பக்கெட்டை இறக்கி, இன்ஜினை நிறுத்தி, லிவரை நான்கு பக்கமும் ஆட்டி அழுத்தத்தை விடுங்கள். அழுத்தத்தோடு கழற்றினால் முகத்தில் அடிக்கும், திரும்ப மாட்டவும் முடியாது. பூமுக்கு அடியில் வேலை என்றால் ஹைட்ராலிக்கை நம்பாமல் இரும்புத் தாங்கி வைத்த பிறகே தலையை நுழைக்க வேண்டும். பூமில் வெல்டிங் வைப்பதானால் பேட்டரி இணைப்பைக் கழற்றி, எர்த்தை வெல்டிங் செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். தூரத்தில் மாட்டினால் மின்சாரம் பின்கள் வழியாகவும் பேரிங் வழியாகவும் ஓடி அவற்றைக் கெடுக்கும்.

சாப்பாட்டுக்குப் பத்து நிமிடம் இறங்கினாலும் பக்கெட் தரையில், ஹேண்ட் பிரேக் மேலே, சாவி பையில். தூக்கி நிறுத்திய பக்கெட் நிழலில் பிள்ளைகளும் ஆடுகளும் போய் உட்காரும்.